நூற்று எண்பது வெள்ளி மரியாதை

மரியாதைக்கு விலை நூற்று எண்பது வெள்ளி. சேவை வரி தனி.

மரியாதைக்கெல்லாம் விலை உண்டா என்று கேட்பவர்கள் செனாய்ப் பக்கம் போனதில்லை. அங்கே தொழிற்பேட்டையின் நடுவில், மீன்தொட்டி போல முழுக்கக் கண்ணாடியில் கட்டிய ஒரு மின்சாரக் கார் சேவை மையம் இருக்கிறது. அவர்கள் பில்லில் மரியாதை தனி ஐட்டமாகவே வரும். அளவு ஒன்று. தள்ளுபடி இல்லை. அதை வாங்கியவர் சிம்பாங் ரெங்கத்துச் சுகுமாறன். வாங்கினார் என்பதைவிட, கேட்காமலே அவர் தலையில் கட்டினார்கள் என்பது சரி.

சுகுமாறன் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சந்திரமதி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்த் தவணைக்குச் சேலை விற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, செவ்வாய், வியாழன், சனி விடியற்காலைகளில் அவருக்குக் குளுவாங்கில் டயாலிசிஸ். இயந்திரம் நாலு மணி நேரம் ரத்தத்தைக் கழுவி, உடம்பில் தேங்கிய நீரை இறக்கும். தாமதமாகப் போனால் அடுத்த நோயாளி நாற்காலிக்கு வந்து நிற்பார். நேரத்தை வெட்டி எழுப்பிவிடுவார்கள். இறங்காத நீர் உடம்பிலேயே தங்கும். முதலில் காலுக்குப் போகும், பிறகு நெஞ்சுக்கு. சுகுமாறனுக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். அவ்வளவு தெரிந்தாலே ஒரு மனிதன் சரியாகத் தூங்க மாட்டான்.

அந்தப் பயணத்துக்காகவே ஓய்வுப் பணத்தைக் கொட்டிப் புதுக் கார் வாங்கினார். அதில் கியர் தண்டு கிடையாது, ஏசிக்குத் திருகு கிடையாது. எல்லாம் நடுவில் இருக்கும் ஒரு திரைக்குள். "ஒரு பட்டன்கூட இல்ல சார்!" என்று விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். இல்லாததைக் காட்டி இத்தனை ஆயிரம் வாங்கலாம் என்பது, மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த என் வீட்டு ஆட்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போய்விட்டது.

கார் வந்த அன்றே மாரியம்மன் கோயிலுக்குப் போனது. நாலு சக்கரமும் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கின. பூசாரி பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்தார். உள்ளே ஒரு பொட்டு வைக்க இடம் தேடினார். பழைய கார்களில் ரேடியோவுக்கு மேலே வைப்பார். இதில் ரேடியோவே கண்ணுக்குத் தெரியவில்லை. அணைந்து கிடந்த திரையின் கீழ் மூலையில் ஒரு பொட்டு வைத்து, "இனிமே இதாம்மா காடிக்கு நெத்தி" என்றார்.

சந்திரமதி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ் நாளில் குளித்துவிட்டு, பன்னீரில் சந்தனம் குழைத்து, தன் நெற்றிக்கு ஒன்று, கணவர் நெற்றிக்கு ஒன்று, காரின் நெற்றிக்கு ஒன்று. பத்திரமாகப் போய் வர வேண்டும் அல்லவா? மற்ற நாட்களில் மார்க்கெட்டுக்குப் போவதற்கெல்லாம் அந்தப் பாதுகாப்பு தேவைப்படவில்லை.

சரக்கில் உள்ள குறையை ஒளித்து விற்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திரை விரல் பட்டால் வேலை செய்யும் திரை. ஈரச் சந்தனமும் அதற்கு ஒரு விரல்தான். தூக்கத்திலிருந்து எழும்போது ஒருவர் நெற்றியில் விரலை வைத்து எடுக்காமலே நின்றால் யார்தான் எழுவார்கள்? சந்தனம் காயும்வரை கார் கம்பெனியின் சின்னத்தைக் காட்டிக்கொண்டு உறைந்து நின்றது. அதன் கீழே மலாயில் ஒரு வரி: குடும்பத்துக்கு நல்வரவு.

இது சுகுமாறனுக்குத் தெரியாது. சந்திரமதிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தார்கள். கதையே அவர்களைப் பற்றியதுதான்.

முதல்முறை நின்றபோது சுகுமாறன் உதவி எண்ணைக் கூப்பிட்டார். குடும்ப உறவு அதிகாரி ஷர்மினி பேசினாள்.

"அங்கிள், எங்ககிட்ட கஸ்டமர்னு யாருமே இல்ல. எல்லாரும் ஃபேமிலி. சொல்லுங்க அங்கிள்."

"காடி எந்திரிக்க மாட்டேங்குதும்மா. கியரும் விழல. டயாலிசிஸ்க்கு நேரமாச்சு."

"அப்ப காடி இன்னும் நல்லா தூங்கல அங்கிள். சிஸ்டம் முழுசா தூங்குனாதான் முழுசா எந்திரிக்கும். சாவிய எடுத்துக்கிட்டு தூரமா போயிருங்க."

"எங்கம்மா போறது?"

"காடி கண்ணுல படாத இடமா. நீங்க பக்கத்துல இருந்தா, நீங்க வந்துட்டீங்கன்னு அது முழிச்சிக்கிட்டே இருக்கும்."

தாமான் குடியிருப்பின் கடைசியில் பூட்டிக் கிடந்த மளிகைக் கடையின் பின்னால் போய் இருவரும் ஒளிந்துகொண்டார்கள். சந்திரமதி ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தார்.

"ஏங்க, புள்ளைய தூங்க வெச்சுட்டு ரெண்டாவது ஆட்டம் படத்துக்குப் போற மாதிரி இருக்கு."

"சத்தம் போடாத. முழிச்சிக்கப் போவுது."

திரும்பி வந்து திரையை அழுத்தினார்கள். இதற்குள் சந்தனம் காய்ந்திருந்தது. கார் இசையோடு எழுந்தது. "பாத்தீங்களா அங்கிள்!" என்றாள் ஷர்மினி. தூங்க வைக்கும் முறை வெற்றி என்று பதிவாயிற்று. குளுவாங்கில் சந்திரமதிக்கு ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டார்கள்.

அடுத்த முறையும் நின்றது. அதற்கடுத்த முறையும். கார் தகராறு செய்யச் செய்ய, சந்திரமதி வேண்டுதலைக் கூட்டினார், பொட்டு பெரிதானது. பொட்டு பெரிதாக, காய நேரமானது. சுகுமாறன் முன்கூட்டியே எழுந்தார். அந்த நேரத்தையும் பொட்டு தின்றது. வாடகைக் கார் கூப்பிடலாம்தான். அந்த விடியலில் சிம்பாங் ரெங்கத்தில் வரச் சம்மதிப்பவர் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் அதற்கு முன்பே சிங்கப்பூர் வேலைக்கு எல்லைப் பாலத்தில் நின்றிருந்தார்கள்.

ஒருநாள் காரை இழுவை லாரியில் ஏற்றிச் செனாய்க்குக் கொண்டுபோனார். செனாய் போய்ச் சேர்வதற்குள் சந்தனம் ஓடு போல இறுகிவிட்டது. ஷர்மினி ஒரு விரலால் அழுத்தினாள். கார் எழுந்தது.

"கோளாறு இல்ல அங்கிள்."

"வீட்டுல நிக்குதும்மா."

"எங்க முன்னாடி நிக்கணும் அங்கிள். நிக்கலன்னா சிஸ்டத்துல கம்ப்ளெய்ன் ஓப்பன் பண்ண முடியாது. அடுத்த தடவ நிக்கறப்ப ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார். திருப்பி அனுப்பினார்கள். உறைந்த திரையின் வீடியோவில் எதுவும் அசையாததால் அது வீடியோ அல்ல, புகைப்படம் என்று தீர்ப்பு. அடுத்த முறை சந்திரமதி வரவேற்பறைச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவந்து, வினாடி முள் ஓடுவது தெரியும்படி திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையில் கடிகாரம் கனத்தது. அந்த வீடியோ ஏற்கப்பட்டது.

ஏற்கப்பட்ட வீடியோ பொறியாளர்களிடம் போவதற்கு முன் நல்லிணக்கக் குழுவிடம் போனது. பல இனம், பல சமயம் வாழும் நாட்டில் ஒரு கம்பெனி கவனமாக இருக்க வேண்டும் அல்லவா? குடும்பத்தாரின் சமயச் சின்னம் எதுவும் கோப்பில் தெரியக் கூடாது என்பது விதி. குழு கூடிப் பேசி, திரையின் கீழ் மூலையைப் புகை போல மறைத்து அனுப்பியது. பொறியாளர்கள் அந்தப் புகையை உற்றுப் பார்த்துவிட்டு எழுதினார்கள்: குடும்பத்தாரின் கைப்பேசிக் கேமராவில் கோளாறு, மாற்றும்படி அறிவுறுத்தவும்.

சுகுமாறன் கைப்பேசியை மாற்றவில்லை. மையத்துக்குப் போய்க் கண்ணாடிக் கதவருகே நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருப்பது புதுக் கார் பார்க்க வருகிறவர்களுக்கு நன்றாக இல்லை என்பதால், வீட்டுக்கே ஒரு டெக்னீஷியனை அனுப்பச் சம்மதித்தார்கள்.

மாஹிர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தான். சந்திரமதி அப்போதுதான் பொட்டு வைத்துவிட்டு இறங்கினார். மாஹிர் திரையைப் பார்த்தான். பையிலிருந்து துணியை எடுத்தான். கை பாதி தூரம் போய் நின்றது.

"ஆன்ட்டி... இது..."

"பிரசாதம்பா. கோயில் சந்தனம்."

மாஹிர் துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தெருவுக்குப் போய்ப் போனில் யாரையோ கூப்பிட்டான். "போஸ், ஈரமா இருக்கு போஸ், தொடச்சா போதும்... இல்ல போஸ், நான் தொடல... சரி போஸ், சொல்லவும் மாட்டேன்." திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்து, வேலையிடத்தில் திட்டு விழுந்திருக்கிறது என்று சந்திரமதி நினைத்தார்.

"என்னப்பா, ஆபீஸ்ல ஏசினாங்களா? காப்பி குடிக்கிறியா?"

"வேணாம் ஆன்ட்டி." புறப்பட்டவன் ஹெல்மெட்டை மாட்டியபடி நின்றான். "ஆன்ட்டி, ஏசி காத்த கொஞ்ச நேரம் ஸ்கிரீன் பக்கமா திருப்பி வைங்க. நல்லா அடிக்கட்டும்."

தன் வேலை போகாமல் ஒரு மனிதன் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான். நல்ல யோசனையும்கூட. ஆனால் ஏசியைத் திருப்புவதும் அந்தத் திரைக்குள்ளேதான் இருந்தது.

அடுத்து சேவை மையத்தின் தலைவர் மனோகரனே அழைத்தார். அவர் பதவிக்குப் பெயர் குடும்ப மகிழ்ச்சி இயக்குநர். சுகுமாறன் அறைக்குள் போனதும் சுவர் முழுக்க ஒரு வரைபடத்தை ஓடவிட்டார்.

"சார், உங்க காடியோட ஆறு மாச டேட்டா. பாருங்க. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு பிரச்சினையே இல்ல. செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் நிக்குது. மறைக்க எங்களுக்கு ஒண்ணுமில்ல. டேட்டா பொய் சொல்லாது."

"அந்த நாள்லதான் சார் நாங்க ஆஸ்பத்திரி போறது."

"அதான் சார் ரூட் காஸ்! தப்பான நாள்ல போறீங்க." மனோகரன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக் கொண்டார். "டயாலிசிஸ திங்கள், புதன், வெள்ளிக்கு மாத்திருங்க. காடிய மாத்தறத விட கிட்னிய மாத்தறது ஈஸி... சாரி, கிட்னி நாள."

சிரிக்காதீர்கள். சுகுமாறன் மாற்றினார். குளுவாங்கில் ஒவ்வொரு நோயாளியிடமும் கெஞ்சினார். கடைசியில் புஷ்பவள்ளி என்ற டீச்சர் இரக்கப்பட்டுத் தன் நாளை விட்டுக்கொடுத்தார். திங்கட்கிழமை விடியலில் சந்திரமதி, புது நாள் அல்லவா, ஒரு வெள்ளிக் காசளவு பொட்டு வைத்தார். கார் நின்றது.

மனோகரனுக்குப் பரவசம் தாங்கவில்லை. "சார்! உங்க காடி உங்களக் கத்துக்கிட்டு இருக்கு சார்! நீங்க நாள மாத்துனீங்க, அதுவும் மாத்திருச்சு. இதான் சார் எங்க டெக்னாலஜி. வேற எந்தக் கம்பெனி காடி இவ்ளோ பாசமா இருக்கும்?"

சந்திரமதிக்குக் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. குழி மூட நேரமாயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணை, பிறகு மூன்று, பிறகு நாற்காலி. "ஒண்ணுமில்லைங்க, ஒரு மணி நேரம் கொறயுதுல்ல, அதான்" என்பார். சுகுமாறன் இரவில் அவர் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். பகலில் ஷர்மினி கைப்பேசியில் கேள்விகள் அனுப்புவாள்: எங்கள் சேவையில் நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சி? ஐந்து நட்சத்திரமா, நான்கா?

ஒரு வெள்ளிக்கிழமை, மளிகைக் கடையின் பின்னால், கார் தூங்குவதற்காகக் காத்திருந்தபோது சந்திரமதி பெட்டியிலிருந்து சரிந்தார்.

"ஏங்க... அது தூங்கிருச்சான்னு பாருங்க" என்றார். பிறகு வாயிலிருந்து நுரைதான் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் திரை இருந்ததா என்று சுகுமாறன் பார்க்கவில்லை. அது உடனே கிளம்பியது. நுரையீரல் முழுக்க நீர். இதயம் வீங்கித் தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் குறைந்ததன் பலன். "ஏன் லேட்டா வந்தீங்க?" என்று கேட்டார். சுகுமாறன் விளக்க ஆரம்பித்து, காரைத் தூங்க வைத்த இடத்தில் டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சந்திரமதி மருத்துவமனையில் கிடந்த நாட்களில் காருக்குப் பொட்டு வைக்க ஆள் இல்லை. கார் தினமும் முதல் அழுத்தலிலேயே எழுந்தது. குளுவாங்குக்கும் வீட்டுக்குமாக ஒரு முறைகூட நிற்கவில்லை. செய்தி செனாய்க்கு எட்டியது. தங்களுடைய புதிய மென்பொருள்தான் காரணம் என்று மையம் அறிவித்து, சந்திரமதி வீடு திரும்பியதும் ஒரு பாராட்டு விழா வைத்தது.

விழாவுக்குச் சந்திரமதி சக்கர நாற்காலியில் வந்தார். மாலை போட்டார்கள். 'இம்மாதக் குடும்பம்' என்று எழுதிய பெரிய அட்டையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். காரைக் கழுவி ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மனோகரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கேட்டல், பொறுமை, அன்பு. இந்த மூணும்தான் எங்க இன்ஜின். இப்ப ஆன்ட்டியே வந்து ஸ்டார்ட் பண்ணுவாங்க!"

சந்திரமதியைத் தூக்கி முன்னிருக்கையில் உட்கார வைத்தார்கள். நல்ல காரியம். அவர் கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தார். ஈரச் சந்தனம். தனக்கு ஒன்று. குனிந்த கணவருக்கு ஒன்று. திரைக்கு ஒன்று. அழுத்தினார்.

குடும்பத்துக்கு நல்வரவு. அங்கேயே நின்றது.

கை தட்டியவர்கள் தட்டி முடிக்க முடியாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் பின்னால் நின்ற மாஹிர் தலையைக் குனிந்துகொண்டான். ஷர்மினிதான் முதலில் தெளிந்தாள்.

"அங்கிள்! எங்க முன்னாடி நின்னுருச்சு! இப்ப கம்ப்ளெய்ன் ஓப்பன் பண்ணலாம்!"

சந்திரமதி திரையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். பிறகு மாஹிரைப் பார்த்தார். துணியோடு பாதியில் நின்ற அந்தக் கை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முந்தானையால் பொட்டைத் துடைத்தார். கார் இசையோடு எழுந்தது.

சுகுமாறன் மனோகரன் பக்கம் திரும்பினார்.

"இது... உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

மனோகரன் ஒலிவாங்கியை அணைக்கவில்லை. தெரியாது என்று சொன்னால் தொழில் தெரியாதவர் ஆகிவிடுவார். அவருக்கு அது பிடிக்காது.

"தெரியும் சார். முதல் நாள்லேர்ந்தே தெரியும். செனாய்க்கு இழுத்துட்டு வந்தீங்களே, அன்னிக்கே ஃபைல்ல ஏத்திட்டோம். ஆனா நாங்க சொல்லல. ஏன்? உங்க நம்பிக்கை சார் அது! அதுல கை வைக்க நாங்க யாரு? எங்க பையன் துணிய எடுத்தப்பகூட நான்தான் போன்ல தடுத்தேன். வேற கம்பெனியா இருந்தா படக்குனு தொடச்சிருப்பான். நாங்க மதிச்சோம் சார். ஒவ்வொரு தடவையும் மதிச்சோம். நானும் நம்ம ஆளுதான். என் காடியிலயும் சந்தனம் இருக்கு."

"ஸ்கிரீன்லயா?"

"சேச்சே. டேஷ்போர்டுல. ஸ்கிரீன்ல வெச்சா நின்னுரும் சார்."

ஒலிபெருக்கியில் அது மையம் முழுக்கக் கேட்டது. புதுக் கார் பார்க்க வந்த ஒரு தம்பதி பொறுப்பாகத் தலையாட்டினார்கள்.

ஷர்மினி பில்லோடு வந்தாள். வாடிக்கையாளர் தாமே பூசிய பொருள் வாரண்டியில் வராது. நல்லிணக்கக் குழு கூடியது, மூலையை மறைத்தது, தொடாமல் இருந்தது ஆகிய சேவைகள்: சமய மரியாதை, ஒன்று, நூற்று எண்பது வெள்ளி. அதோடு, ஆன்ட்டி திரையைத் தானே துடைத்தது அனுமதியில்லாத பழுதுபார்ப்பு என்பதால் மீதி வாரண்டியும் முடிந்தது.

சந்திரமதி பில்லை வாங்கி, சேலை மடிப்பைப் பார்ப்பது போல இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"முப்பது வருஷம் சேலை வித்தவம்மா நான். சாஆ ஊரு வரைக்கும் போயிருக்கேன். ஓட்ட சேலைன்னா விரிச்சுக் காட்டிருவேன். இந்தா பாரு, இங்க ஓட்ட, வேணும்னா எடு, வெலய கொறச்சுத் தரேன்னு. வாங்குறவ மனசு நோவுமேன்னு மூடி வெச்சுக் குடுத்ததில்ல." நிறுத்தி மூச்சை இழுத்தார். "சரி. இந்த மரியாதை கடைசி வெல என்ன?"

"ஃபிக்ஸட் பிரைஸ் ஆன்ட்டி."

"கொஞ்சம் கொறச்சு மரியாதை குடுத்திருந்தா?"

ஷர்மினி விலைப் பட்டியலில் தேடினாள். சந்திரமதி அவள் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, பில்லின் பின்பக்கம் ஏதோ எழுதி, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பாக்கி இருக்கட்டும். தவணையில பாத்துக்கலாம்" என்றார்.

தைப்பூசத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். இதயம், தூக்கத்தில். எழுப்ப ஒரு நடைமுறையும் இல்லாத தூக்கம்.

கருமாதி முடிந்த வாரம் கைப்பேசிக்கு நினைவூட்டல் வந்தது. அன்புள்ள குடும்ப உறுப்பினரே, உங்கள் நிலுவை. சுகுமாறன் செனாய்க்குப் போனார். கார் முதல் அழுத்தலிலேயே எழுந்தது. அவர் நெற்றி வெறுமையாக இருந்தது, காரின் நெற்றியும். கவுண்டரில் பணத்தை எண்ணி வைத்தார். தவணைக்காரி ஒரு நாளும் யாருக்கும் கடன் வைத்ததில்லை. ஷர்மினி 'செலுத்தப்பட்டது' என்று முத்திரை குத்தினாள்.

"ரசீது தரட்டா அங்கிள்?"

"இருக்கு." சுகுமாறன் பில்லைத் திருப்பி வைத்தார். "இந்தப் பக்கத்துக்கும் ஒரு முத்திரை குத்தும்மா."

ஷர்மினி படித்தாள். கணினியில் ஏதோ தேடினாள். மறுபடி படித்தாள்.

"இந்த ஐட்டத்துக்குக் கோடு நம்பர் இல்ல அங்கிள்" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது போலிருந்தது. உடைந்ததைப் பதியவும் கோடு இல்லை.

பில்லின் முன்பக்கம்: சமய மரியாதை, ஒன்று, 180.00. சேவை வரி, 14.40. ஆக மொத்தம் 194.40. செலுத்தப்பட்டது. பாக்கி இல்லை.

பின்பக்கம், சேலைத் தவணை எழுதிப் பழகிய சாய்ந்த கையெழுத்தில்:

குடுத்தது: காடிக்கு முழுப் பணம். சந்தனம், சும்மா. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், என் ரத்தத்துல.

வரவேண்டியது: 'ஆன்ட்டி, அதத் தொடச்சிருங்க.' ஒரு வார்த்தை.

வந்தது: இல்லை.

பாக்கி.